புல்மோட்டைக்கு மணல்

'நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டு செல்வது' என்பது ஆங்கிலத்தில் பெருவழக்காயுள்ள ஒரு மரபுத்தொடர். வடகிழக்கு இங்கிலாந்தில் டைன் நதிக்கரையில் அமைந்த நியூகாசில், இலண்டன் மாநகரின் அடுப்புகளுக்குப் பல நூற்றாண்டுகள் நிலக்கரி அனுப்பிய துறைமுகம். அங்கேயே நிலக்கரி விற்கப் புறப்பட்டவனின் பேதைமையை எள்ளுவது இத்தொடர்.

நம்மவர் சிலர் இதனை வீண்முயற்சி எதற்கும் கையாள்கின்றனர். அது பொருந்தாது, அதற்கு நம்மிடம் 'விழலுக்கு இறைத்த நீர்' உண்டு. ஒரு பொருள் மலிந்துள்ள இடத்திற்கே அப்பொருளைச் சுமந்து செல்வதுதான் நியூகாசில். 'கொல்லன் தெருவில் ஊசி விற்பது' அதற்கு நேர் நிகர். 'திருநெல்வேலிக்கே அல்வாவா?' என்பதும் அதுவே. அரபு மொழியில் ஹஜருக்குப் பேரீச்சம்பழம்; பாரசீகத்தில் கிர்மானுக்குச் சீரகம். ஊர் மாறுகிறது, சரக்கு மாறுகிறது, நகைப்பு மாறவில்லை.

இலங்கைத் தமிழில் ஒன்று வேண்டுமாயின் 'புல்மோட்டைக்கு மணல்' என்போம். திருகோணமலை மாவட்டத்தின் வடகோடியிலுள்ள அவ்வூரின் கரையில் கிடப்பது இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன் ஆகியன செறிந்த கருமணல். அதற்கென 1957ஆம் ஆண்டிலேயே அரச கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. இல்மனைட்டிலிருந்து பெறப்படும் தைத்தேனியம் டயொக்சைட் என்னும் வெண்பொடியே பெயின்ட், பிளாஸ்டிக், தாள் ஆகியவற்றுக்கு வெண்மை தருவது.

ஆயினும் மணலைத் தரம்பிரித்துக் கப்பலேற்றுவதோடு நம் பணி முடிந்துவிடுகிறது. வெண்பொடியைப் பெயின்ட் தொழிற்சாலைகள் வெளிநாட்டிலிருந்து தருவிக்கின்றன. புல்மோட்டையில் வீட்டுச் சுவருக்கோ பள்ளிவாசல் மினாராவுக்கோ வெள்ளைப் பெயின்ட் பூசுபவர், கடல் கடந்து வந்த தைத்தேனியத்தையே பூசுகிறார். மரபுத்தொடர் நகைப்பது விற்பவனைப் பார்த்து. இங்கே விற்பவன் இலாபத்தோடு போகிறான், நகைப்புக்கு உரியவர்கள் வாங்கும் நாம்.

ஆலை அமைப்பது எளிதென்று நாம் கூறவில்லை. கந்தக அமிலமோ குளோரினோ பெருமளவில் வேண்டும், கழிவும் மிகுதி. மீன்பிடியை நம்பி வாழும் கரையில் அது சிறிய விடயமன்று. ஆனால் மூலப்பொருளை மலிவாய் விற்று முடிபொருளை அதிக விலைக்கு வாங்குவதற்கு அதுவே நிரந்தரச் சமாதானம் ஆகாது.

நியூகாசிலுக்கும் நிலக்கரி வந்ததுண்டு. 2000களில் டைன் துறைமுகம் மின்நிலையங்களுக்காக அதனை இறக்குமதி செய்தது. அங்கே சுரங்கங்கள் மூடப்பட்டிருந்தன. புல்மோட்டையிலோ மணல் அள்ளப்பட்டுக்கொண்டிருக்கும்போதே இது நிகழ்கிறது.