நீலகிரியில் கட்டிட உயரக் கட்டுப்பாடு

நீலகிரியில் கட்டிட உயரக் கட்டுப்பாடு என்பது தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்டத்தில் எழுப்பப்படும் கட்டிடங்களின் உயரத்தை 7 மீட்டருக்குள் (சுமார் 23 அடி) வரையறுக்கும் நகரமைப்பு விதியாகும். இதன்படி பொதுவாகத் தரைத்தளமும் அதன்மேல் ஒரு மாடியும் மட்டுமே கட்ட இயலும்.

பின்னணி

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலம், 1820களில் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவனின் முயற்சியால் கோடை வாழிடமாக உருவானது. தொடக்கத்தில் பங்களாக்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் அமைந்திருந்தன. பின்னர் தேயிலைத் தொழில், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழரின் குடியேற்றம், சுற்றுலா ஆகியவற்றால் வீடுகளும் தங்கும் விடுதிகளும் பெருகின. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 7,35,394. உதகமண்டலம் நகரத்தில் 88,430 பேர் வாழ்ந்தனர். சமதளம் குறைவாதலால் கட்டிடங்கள் மலைச்சரிவுகளில் ஏறின.

நிலச்சரிவு

சரிவை வெட்டித் தளம் அமைக்கும்போது மேலுள்ள மண் தாங்கலை இழக்கிறது. மழைநீர் ஓடைகள் அடைபட்டால் நீர் மண்ணில் ஊறி அதன் எடையைக் கூட்டுகிறது, பிடிப்பையும் தளர்த்துகிறது. 1978, 1979 ஆகிய ஆண்டுகளிலும், 1993 நவம்பரில் குன்னூர் மலைப்பாதையிலுள்ள மரப்பாலத்திலும் கடும் நிலச்சரிவுகள் நேர்ந்தன. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. மழை பதிவானது. அப்போது ஏற்பட்ட சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

விதிகள்

1990 இல் தமிழ்நாடு அரசு மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தை அமைத்தது. மலைவாழிடங்களுக்கான தனிக் கட்டிட விதிகள் 1993 இல் வகுக்கப்பட்டன. குழுமத்தின் வரம்பிலுள்ள இடங்களில் கட்டிட அனுமதிக்கு முன் வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் மற்றும் சுரங்கத்துறை ஆகியவற்றின் கருத்துகள் பெறப்படுகின்றன.

விளைவுகளும் விமர்சனங்களும்

இவ்விதியினால் வானுயர்ந்த கட்டிடங்கள் உருவாகவில்லை. எனினும் உயரத்தைத் தடுப்பது மட்டும் சரிவைக் காப்பதில்லை. நூறு அறைகளை இரண்டு தளங்களில் அமைக்கப் பத்துத் தளங்களில் அமைப்பதைவிடப் பன்மடங்கு நிலம் தேவை. மலையில் அதற்கேற்பச் சரிவும் கூடுதலாக வெட்டப்படுகிறது. மறுபுறம், உயரமான கட்டிடத்தின் பெருஞ்சுமையைத் தளர்ந்த மண் தாங்குவதும் அரிது. ஆகவே உயரத்துடன் சரிவின் கோணம், கட்டிடப் பரப்பு, நீர்வடிகால் ஆகியவற்றையும் சேர்த்தே வரையறுக்க வேண்டியுள்ளது. ஒரே விதி பெரும் விடுதிக்கும் சிறு வீட்டுக்கும் பொருந்துவதால், வளரும் குடும்பத்துக்கு மாடி எழுப்ப இயலாமை உள்ளூர் மக்களின் குறையாக உள்ளது.

பிற மலைநகரங்கள்

இமாச்சலப் பிரதேசத்தின் சிம்லாவில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 இல் கட்டிடங்களை இரண்டு தளங்களும் மேல்மாடமும் என வரையறுத்தது. 2024 சனவரியில் உச்ச நீதிமன்றம் அவ்வுத்தரவை நீக்கி, சிம்லா வளர்ச்சித் திட்டத்தைச் செயற்படுத்த அனுமதித்தது. நீலகிரியில் 2024 மே முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி சுற்றுலா வாகனங்களுக்கு மின்னணு அனுமதிச்சீட்டு நடைமுறைக்கு வந்தது. மலைநகரின் தாங்குதிறன் கட்டிடங்களை மட்டுமன்றி வருவோரின் எண்ணிக்கையையும் சார்ந்தது என்பதை இது காட்டுகிறது.