பூனையும் பறவையும்: ஒரு நெடுவழக்கின் சரித்திரம்

வீட்டுத் தோட்டத்தில் கம்பம் நட்டு, அதன் தலையில் ஒரு தட்டமைத்து, பனிக்காலத்தில் இரை கிட்டாது வாடும் சிறு பக்ஷிகளுக்குத் தானியம் இட்டுவைக்கும் வழக்கம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இன்று எண்ணிறந்த இல்லங்களில் வேரூன்றியிருப்பினும், பொதுஜன வழக்கமாக அதன் வயது ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்டதன்று. 1890-91ஆம் ஆண்டின் கொடிய குளிர்காலத்தில், பறவைகளுக்கு உணவிடுமாறு இங்கிலாந்துப் பத்திரிகைகள் ஜனங்களை வேண்டிக்கொண்டன. 1910-இல் ‘பஞ்ச்’ என்னும் பிரசித்தி பெற்ற வாரப் பத்திரிகை இதனை ஒரு தேசியப் பொழுதுபோக்கென்றே வருணிக்கும் அளவுக்கு அது பரவிவிட்டது. ஜெர்மனியில் துரிங்கியப் பகுதியைச் சேர்ந்த பெர்லெப்ஷ் பிரபு, மரங்கொத்தி குடைந்த பொந்தை மாதிரியாகக் கொண்டு கூட்டுப்பெட்டிகள் செய்து, பனி விழுந்து தீனியை மூடாதவாறு கூரையிட்ட உணவுக்குடில்களும் அமைத்து, பறவைப் பாதுகாப்பை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்தார்.

ஆயின், விருந்து வைத்த இடத்திலேயே வேட்டையும் நிகழலாயிற்று. தட்டுக்கு வரும் பறவையை அழைத்தவன் மனிதன். அதே தோட்டத்துப் புதரில் பதுங்கும் பூனையை வளர்த்தவனும் மனிதன். மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தின் பறவையியல் அதிகாரியாயிருந்த எட்வர்ட் ஹோ ஃபார்புஷ், பலரிடமிருந்தும் கடித வாயிலாகச் சாட்சியங்களைத் திரட்டி, 1916-இல் வீட்டுப் பூனையைப் பற்றி வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலேயே அதனைப் பறவைக் கொலையாளி என்று குறித்தார். புழுபூச்சிகளைத் தின்று பயிரைக் காக்கும் பறவைகளே உழவனின் செல்வம் என்பது அக்காலத்து அறிஞர் பலரின் உறுதியான கொள்கை. ஆதலின், பூனை வளர்ப்போர் உரிமச் சீட்டுப் பெறவேண்டும் என்றும், நாதியற்றுத் திரியும் பூனைகளைக் கொன்றுவிட வேண்டும் என்றும் அவர் வாதித்தார். கோடை கழிந்ததும் பூனைகளைக் கைவிட்டு ஊர் திரும்பும் மனிதரையும் அவர் கண்டிக்கத் தவறவில்லை. எனினும், மனிதன் செய்த பிழைக்குப் பரிகாரமாகப் பூனையின் உயிரே கேட்கப்பட்டது.

இந்தச் சிந்தனை பின்னர்ச் சட்டசபைப் படியும் ஏறியது. இல்லினாய் ராஜ்யத்தில், பூச்சி தின்னும் பறவைகளைக் காக்கும் பொருட்டுப் பூனைகளைக் கட்டுப்படுத்தும் மசோதா ஒன்று பல கூட்டத் தொடர்களில் வந்து வந்து, இறுதியில் 1949-இல் நிறைவேறியது. தன் எல்லைக்கு வெளியே பூனையைத் திரியவிடுபவருக்கு அபராதம் என்றும், அவ்வாறு திரியும் பூனையை எவரும் பொறிவைத்தேனும் பிடிக்கலாம் என்றும் அது விதித்தது. கவர்னர் அட்லாய் ஸ்டீவன்ஸன் அந்த ஆண்டு ஏப்ரல் 23ஆம் தேதி அதற்குச் சம்மதம் தர மறுத்து எழுதிய குறிப்பில், துணையின்றிச் சிறிது சுற்றித் திரிவது பூனையின் ஸ்வபாவம் என்றும், எலிகளை ஒழிப்பதில் அது கிராமங்களுக்குப் பெருந்தொண்டு ஆற்றுகிறது என்றும், பூனைக்கும் பறவைக்கும் உள்ள பகையைச் சட்டத்தால் தீர்க்கப் புகுந்தால், நாய்க்கும் பூனைக்கும், பறவைக்கும் புழுவுக்கும் உள்ள வழக்குகளையும் அரசாங்கம் தீர்க்க நேரும் என்றும் நயமாக எடுத்துரைத்தார். அவர் தீர்ப்பு நியாயமானதே. ஆனால் அதனால் பறவையின் துயரம் தீர்ந்துவிடவில்லை.

தீர்வின் ஒரு பகுதி, எவரும் எதிர்பாராத திசையில், அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே தோன்றியிருந்தது. வீட்டுக்குள் பூனைக்கு மலசலப் பெட்டி வைப்பதாயின் அக்காலத்தில் சாம்பலோ மணலோதான் அதில் இடவேண்டியிருந்தது. அதன் நாற்றத்தையும், பூனையின் காலோடு வீடெங்கும் பரவும் கரியையும் பொறுக்கமாட்டாதவர்கள் பூனையை வெளியே விட்டார்கள். 1947ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், மிச்சிகன் ராஜ்யத்துக் கஸோபோலிஸ் என்ற சிற்றூரில், தம் மணற்குவியல் உறைந்துபோனதால் மணல் கேட்டு வந்த அண்டை வீட்டுப் பெண்மணிக்கு, எட்வர்ட் லோ என்பவர், தொழிற்சாலைத் தரையில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சும்பொருட்டு விற்றுவந்த களிமண் குருணையைக் கொடுத்தார். அது ஈரத்தையும் நாற்றத்தையும் சேர்த்து ஈர்த்துக்கொண்டது. ஐந்து பவுண்டுப் பை 65 சென்ட் விலையில் ‘கிட்டி லிட்டர்’ என விற்பனைக்கு வந்த அம்மண், பறவையை எவரும் நினையாமலே, பூனையை வீட்டோடு வைத்திருப்பதை எளிதாக்கியது. அதன் பின்னரே, 1997-இல், அமெரிக்கப் பறவைப் பாதுகாப்புச் சங்கத்தார் பூனைகளை வீட்டுக்குள் வளர்க்கும்படி ஒரு பெரும் பிரசாரத்தைத் தொடங்க இயன்றது.

தோட்டத்து உபாயங்களும் இதற்கிடையே பக்குவப்பட்டு வந்தன. பூனை பதுங்கும் புதர்களிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தூரத்தில், பாய்ந்து எட்டமுடியாத உயரத்தில் தட்டை அமைப்பதும், கம்பத்தின் நடுவே கவிழ்ந்த கூம்பாகத் தகடு பொருத்தி ஏறவிடாமல் தடுப்பதும், தானியம் கீழே சிதறாமல் காப்பதும், தட்டின் அடியில் முட்கிளைகளைப் பரப்புவதும், அசைவு கண்டு தானே நீர் தெளிக்கும் குழாயை வைப்பதும் ஒரு ஜீவனைத் துன்புறுத்தாமல் மற்றொன்றைக் காப்பவை.

பூனையின் கழுத்தில் மணி கட்டும் புராதன யோசனையும் பரீட்சைக்கு உள்ளாயிற்று. பிரிட்டிஷ் பறவைப் பாதுகாப்புச் சங்கத்தினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், மணி கட்டிய பூனைகள் 41 சதவீதம் குறைவான பறவைகளையே கொணர்ந்தன. ஆயின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் 355 பூனைகளைக் கொண்டு நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்விலோ மணியால் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. பறவையின் கண்ணுக்கு எளிதில் தெரியும் பளிச்சென்ற வண்ணத் துணிப்பட்டை பறவை வேட்டையை 42 சதவீதமும், மாமிசச் சத்து மிகுந்த உணவு மொத்த வேட்டையை 36 சதவீதமும், தினந்தோறும் சில நிமிடம் பூனையோடு விளையாடுவது 25 சதவீதமும் குறைத்தன என்று அதே ஆய்வு காட்டியது. நன்கு உண்பித்து, அன்போடு விளையாட்டுக் காட்டி வளர்த்த பூனை குறைவாகவே வேட்டையாடிற்று என்னும் இம்முடிவு, அபராதமும் பொறியும் சாதிக்காததைச் சிரத்தை சாதிக்கக்கூடும் என்பதற்குத் தக்க பிரமாணம்.

அமெரிக்காவில் மட்டும் ஆண்டுதோறும் 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகள் பூனைகளால் மடிகின்றன என்று 2013-இல் ஆராய்ச்சியாளர் கணித்தனர். அம்மரணங்களுள் பெரும்பகுதி சொந்தக்காரர் இல்லாத பூனைகளாலேயே நேர்கிறது. கைவிடப்பட்ட பூனையும் அதன் சந்ததியும் மனிதனின் அலட்சியத்தில் விளைந்தவை. ஆகையால், பூனையைப் பகைக்காமலும் பறவையை விதியிடம் விட்டுவிடாமலும், தட்டை எங்கே வைப்பது, பூனையை எப்போது உள்ளே அழைப்பது, வேண்டாத குட்டிகள் பிறவாமல் எவ்வாறு தடுப்பது என்பவற்றை முன்கூட்டியே யோசிப்பது நம் கடமை. ஒரு பிராணியைத் தன் வாசலுக்கு அழைத்தவன், அது அங்கே பத்திரமாக உண்டு திரும்பிச் செல்வதற்கும் பொறுப்பேற்றாக வேண்டும். அப்பொறுப்பை ஏற்க மனமில்லாதவன் தானியம் வைக்காதிருப்பதே தர்மம்.