செண்பகனூரில் ஒரு லாக் ஃபைல்: கோபத்தைக் கணக்கெடுத்தவர்கள்

போன மே மாதம் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறிக்கொண்டிருந்தோம். இ-பாஸ் எல்லாம் எடுத்தாச்சு. ஆனால் வெள்ளி அருவிக்கு முன்னாடியே வண்டிகள் வரிசை கட்டி நின்றுவிட்டன. ஒரு மணி நேரம் ஆச்சு, நகரவில்லை. பின்சீட்டில் இருந்த என் 12 வயது மகள் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டாள். அவ்வளவுதான். நான் கத்திய கத்தலில் பக்கத்து வேன்காரர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். அதற்கப்புறம் மேலே போய்ச் சேரும்வரை அவள் வாய் திறக்கவே இல்லை.

இதை ஏன் ஒரு வரலாற்றுக் கட்டுரையின் தொடக்கத்தில் சொல்கிறேன் என்றால், கட்டுரையே அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

எங்கள் குடும்பத்துக்குப் பழனிதான் குலதெய்வம் மாதிரி. பிள்ளைகளுக்கு மொட்டை எல்லாம் அங்கேதான். பழனி முருகனின் கதை உங்களுக்குத் தெரியும். ஒரு மாம்பழத்துக்காக அப்பா அம்மாவிடம் கோபித்துக்கொண்டு வந்து நின்ற மலை அது. அதாவது பழனி மலைத்தொடரின் அடிவாரத்திலேயே ஒரு பிள்ளையின் கோபம் கோயிலாக இருக்கிறது. மேலே கொடைக்கானலில் என்ன இருக்கிறது என்று தேடியபோதுதான் இன்னொரு கோபக் கதை கிடைத்தது.

கொடைக்கானலில் சலேத் மாதா கோயில் இருக்கிறது. 1866ல் பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள் கட்டியது. 'சலேத்' என்பது பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் உள்ள லா சலேத் என்ற சிற்றூர். 1846 செப்டம்பர் 19 அன்று அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த மெலனி, மாக்ஸிமின் என்ற இரண்டு பிள்ளைகளுக்கு மாதா அழுதுகொண்டே காட்சி கொடுத்ததாகக் கத்தோலிக்கர்கள் நம்புகிறார்கள். பிள்ளைகள் சொன்னபடி, மாதாவின் முறையீடுகள் இரண்டு. ஒன்று, ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வில்லாமல் வேலை செய்கிறார்கள். இன்னொன்று, வண்டிக்காரர்கள் வண்டி ஓட்டும்போது தன் மகன் பெயரைச் சொல்லித் திட்டுகிறார்கள்! மலைப்பாதையில் வண்டியை நிறுத்திக் கத்திவிட்டு வந்தவனுக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் சிரிப்பும் கொஞ்சம் வெட்கமும் வந்தது.

மறுநாள் மகளைச் சமாதானப்படுத்தச் செண்பகனூர் கூட்டிப்போனேன். ஊருக்கு முன்னாடியே, மலைப்பாதையில் இருக்கிறது. அங்கே உள்ள அருங்காட்சியகத்தில் பாடம் செய்த மிருகங்கள், பாம்புகள், பட்டாம்பூச்சிகள். அவள் பூச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இந்த இடம் என்ன இடம் என்று போனில் தேடிக்கொண்டிருந்தேன்.

அது திரு இருதயக் கல்லூரி. 1895ல் இயேசு சபை தன் இளம் துறவிகளுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்த இடம். இந்தச் சபைக்காரர்களுக்குப் பதிவு செய்வதில் ஒரு வெறியே இருந்திருக்கிறது. செடி, ஆர்க்கிட், பூச்சி, பறவை எல்லாவற்றையும் சேகரித்து, பெயர் எழுதி, எண் போட்டு வைத்திருக்கிறார்கள். இந்த மலையின் கற்திட்டைகளைப் பற்றி ஆங்கிலேட் பாதிரியார், நியூட்டன் பாதிரியாருடன் சேர்ந்து எழுதிய நூலை 1928ல் தொல்லியல் துறை வெளியிட்டது. கொஞ்சம் தள்ளி 1901லிருந்து வேலை செய்யும் சூரிய ஆய்வுக்கூடம். அங்கேயும் நாள்தோறும் சூரியனைப் படமெடுத்து வைக்கிறார்கள். மொத்தத்தில் இது லாக் எழுதும் மலை.

ஆனால் இயேசு சபைக்காரர்கள் எழுதிய லாக்கில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு ஒன்று. அது அவர்களைப் பற்றியே அவர்கள் எழுதியது.

சபையை நிறுவிய இஞ்ஞாசியார் (1491-1556) அடிப்படையில் ஒரு போர்வீரர். ரோஷக்காரர். 1521ல் பாம்ப்லோனா கோட்டைப் போரில் குண்டடி பட்டுக் கால் உடைந்தது. படுக்கையில் கிடந்தபோது மனம் மாறினார். மாறினாரே தவிர, கோபம் உடனே போகவில்லை. 1522ல் மோன்செராட் மலைக்குப் போகும் வழியில் ஒரு மூர் இனத்தவரோடு பேச்சு வந்தது. மாதாவின் கன்னிமை பற்றி அந்த மனிதர் ஏதோ சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார். இஞ்ஞாசியாருக்கு ஆத்திரம். துரத்திப் போய்க் கத்தியால் குத்துவதா, விட்டுவிடுவதா? முடிவெடுக்க முடியவில்லை. கடைசியில் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டார். கோவேறு கழுதை அந்த மனிதர் போன ஊர்ப்பக்கம் திரும்பினால் குத்துவது, நெடுஞ்சாலையில் போனால் விட்டுவிடுவது. ஊர்ப்பாதைதான் அகலமாகவும் நன்றாகவும் இருந்தது. ஆனாலும் கழுதை நெடுஞ்சாலையில் போனது. ஒரு உயிர் தப்பியது, சொல்லப்போனால் இரண்டு.

இந்தக் கதையைப் பிற்காலத்தில் அவரே சொல்லி எழுதவைத்தார். கழுதையை நம்பிக் கோபத்தை நிர்வகிக்க முடியாது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். 1548ல் போப் மூன்றாம் பவுல் அங்கீகரித்த அவருடைய 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் ஒரு முறை இருக்கிறது. தனி ஆத்ம சோதனை என்று சொல்லலாம். எல்லாக் குறைகளையும் ஒரே நேரத்தில் திருத்தப் போகக்கூடாது. ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள். உதாரணமாகக் கோபம்.

காலையில் எழுந்ததும், இன்று இதில் கவனமாக இருப்பேன் என்று தீர்மானம். மதியச் சாப்பாட்டுக்குப் பின், காலையிலிருந்து ஒவ்வொரு மணி நேரமாக நினைத்துப் பார்த்து, எத்தனை தடவை விழுந்தோமோ அத்தனை புள்ளிகளை ஒரு கோட்டில் வைக்க வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின், இரண்டாவது கோட்டில் அதே மாதிரி. நாளுக்கு இரண்டு கோடு, வாரத்துக்கு ஏழு ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் முன்னால் 'ஜி' என்ற எழுத்து. ஞாயிற்றுக்கிழமை ஜி பெரியது, திங்கள் அதைவிடச் சின்னது, இப்படிக் குறைந்துகொண்டே போகும். பிறகு முதல் கோட்டை இரண்டாவதோடு ஒப்பிடு, இன்றை நேற்றோடு ஒப்பிடு, இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடு. தவறு நடந்த அந்த நொடியிலேயே நெஞ்சில் கை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இன்னொரு குறிப்பு. கூட்டத்தில் இருந்தாலும் யாருக்கும் தெரியாமல் செய்யலாம்.

20 வருஷமாக சாஃப்ட்வேரில் இருப்பவனுக்கு இது என்ன என்று சொல்ல வேண்டுமா? ஒரு நேரத்தில் ஒரு பக். நடந்த நொடியில் ஒரு ஈவென்ட். நாளுக்கு இரண்டு ரிப்போர்ட். வாராந்திர டிரெண்ட். 16ஆம் நூற்றாண்டில், காகிதத்தில்.

இஞ்ஞாசியாருக்கு முன்பே இதற்கு நீண்ட மரபு இருந்தது. 4ஆம் நூற்றாண்டு எகிப்தியப் பாலைவனத் துறவி எவாக்ரியுஸ், மனிதனை அலைக்கழிக்கும் எட்டு எண்ணங்களைப் பட்டியலிட்டார். அதில் கோபம் ஒன்று. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரிய கிரகோரியார் அதை ஏழாகச் சுருக்கினார். நம் ஊர்க் கத்தோலிக்கப் பாட்டிகள் ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்த தலையான பாவங்கள் ஏழு இந்த வழியில் வந்தவைதான். ஆங்காரம், காய்மகாரம், போசனப்பிரியம் இவற்றோடு கோபமும் அதில் உண்டு. அதற்கு எதிரான புண்ணியம் பொறுமை.

எவாக்ரியுஸின் வழியில் வந்த காசியான், 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறவு மடங்களுக்காக 12 பகுதி நூல் ஒன்று எழுதினார். எட்டாவது பகுதி முழுக்கக் கோபம்தான். அதில் ஓர் இடம் என்னை அப்படியே உட்கார வைத்தது. மனிதர்களை விட்டுத் தனியாகப் போனால் கோபம் போய்விடும் என்று நினைப்பது தப்பு என்கிறார். தான் தனியாக இருந்தபோது எழுதுகோல் தடிமனாக இருக்கிறதே, மெலிசாக இருக்கிறதே என்று அதன்மேல் கோபம் வந்ததாம். மழுங்கிய கத்தியின்மேல் கோபம். சீக்கிரம் பற்றாத சிக்கிமுக்கிக் கல்லின்மேல் கோபம். திட்ட ஆள் இல்லை என்பதால் கோபம் இல்லை என்று ஆகாது. நான் கீபோர்டைக் குத்திய நாட்கள் ஞாபகம் வந்தன. பாட்டில் கவிழ்ந்ததும் ஞாபகம் வந்தது. மகள் இல்லாவிட்டால் நான் ஸ்டியரிங்கைத்தான் குத்தியிருப்பேன்.

சரி, கோபமே கூடாதா? நியாயமான கோபம் என்று ஒன்று இல்லையா? கிறிஸ்தவ உலகம் இதில் ஒரே ஒரு சொல்லில் பிரிந்து நிற்கிறது.

மத்தேயு 5ஆம் அதிகாரம், 22ஆம் வசனம். தன் சகோதரன்மேல் கோபப்படுகிறவன் தீர்ப்புக்கு உள்ளாவான் என்று இயேசு எச்சரிக்கும் இடம். தமிழ் புராட்டஸ்டண்டுகள் இன்றும் படிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் அங்கே 'நியாயமில்லாமல்' என்ற சொல் இருக்கிறது. 1995ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அந்தச் சொல் இல்லை. அச்சுப்பிழை இல்லை, கையெழுத்துப் படிகளின் சிக்கல். சினாய்ப் படி, வத்திக்கான் படி ஆகிய 4ஆம் நூற்றாண்டுக் கிரேக்கப் படிகளில் அந்தச் சொல் எழுதப்படவில்லை. பல பிற்காலப் படிகளில் இருக்கிறது. எரோணிமுஸ் அது பின்னால் சேர்க்கப்பட்டது என்று கருதினார். அவருடைய லத்தீன் மொழிபெயர்ப்பில் இல்லை. காசியானும் அதையேதான் சொல்கிறார்: கோபத்தை விட மனம் இல்லாதவர்கள் சேர்த்த சொல் அது.

யோசித்துப் பாருங்கள். 1845ல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தப்பி இந்த மலையில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். அவர்கள் கையில் இருந்த ஆங்கில பைபிளில் 'நியாயமில்லாமல்' உண்டு. 50 வருஷம் கழித்துச் செண்பகனூரில் குடியேறிய இயேசு சபையினரின் லத்தீன் விவிலியத்தில் அது இல்லை. ஒரே மலை, ஒரே வசனம், ஒரு சொல் வித்தியாசம்.

ஆனால் இதை வைத்து, ஒரு தரப்பு கோபத்தை அனுமதித்தது, இன்னொரு தரப்பு தடுத்தது என்று முடிவு கட்டினால் தப்பு. அந்தச் சொல் இல்லாத லத்தீன் விவிலியத்தைப் படித்த தாமஸ் அக்வினாஸ்தான் 13ஆம் நூற்றாண்டில் எழுதினார்: அறிவுக்குக் கட்டுப்பட்ட கோபம் நல்லதே, கோபப்பட வேண்டிய இடத்தில் கோபமே வராமல் இருப்பதும் குறைதான். மாற்கு நற்செய்தியில் இயேசுவே கோபத்தோடு சுற்றிலும் பார்க்கிறார்.

இது வெறும் தத்துவம் இல்லை. இதே இயேசு சபையின் மதுரை மிஷனில், திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் 1872ல் கட்டிய தேவாலயம் கால்சட்டை மாதிரி இரண்டு கூடங்களாகப் பிரிந்தது. ஒரே பீடத்தைப் பார்த்து வேளாளர் ஒரு பக்கம், நாடார் ஒரு பக்கம். சாதிக்காகவே போட்ட வடிவம். நடுவில் தடுப்பு. பல வருடம் அதைப் பொறுத்துக்கொண்டார்கள். 1910ல் குருக்களே தடுப்பை இடித்தார்கள். பிரிவு வேண்டும் என்றவர்கள் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். அந்தத் தடுப்பின் முன்னால் 'பொறுமை' புண்ணியமா? அக்வினாஸைக் கேட்டால், அங்கே கோபம் வராததுதான் குறை என்றிருப்பார்.

அப்போ என் கோபம் எந்த வகை? ஊருக்குத் திரும்பியதும் இஞ்ஞாசியாரின் கோடுகளை ஒரு நோட்டில் போட்டேன். ஆப் வேண்டாம், காகிதமே போதும் என்று முடிவு. நான் கிறிஸ்தவன் இல்லை. ஜெபத்தை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டது அரைகுறை வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். ஒரு சின்ன மாற்றம் செய்தேன்: புள்ளிக்குப் பக்கத்தில் யார்மேல் என்று ஓர் எழுத்து.

முதல் வாரம் 23 புள்ளி. நான்காவது வாரம் 14. டிரெண்ட் பரவாயில்லை. ஆனால் எழுத்துகளைப் பார்த்தபோதுதான் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மனைவி, மகள், டீமில் புதிதாகச் சேர்ந்த பையன், டெலிவரி கொண்டுவரும் தம்பி, கீபோர்டு. ஒரு மாதத்தில் மேனேஜர்மேல் ஒரு புள்ளிகூட இல்லை. கிளையண்ட்மேல் இல்லை. அவர்கள் செய்த அநியாயம் எதுவும் இல்லை என்று அர்த்தமா? இல்லை. என் கோபம் எப்போதும் கீழ்நோக்கியே ஓடியிருக்கிறது, தண்ணீர் மாதிரி. மேலே ஏற வேண்டிய இடத்தில் அதை நான் 'பொறுமை' என்று அழைத்திருக்கிறேன்.

'நியாயமில்லாமல்' என்ற சொல்லை யார் சேர்த்தார்கள் என்பதை அறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். என் நோட்டில் அந்தச் சொல்லுக்கு வேலையே இல்லை. 23 புள்ளியில் ஒவ்வொன்றும் அந்த நொடியில் எனக்கு நியாயமாகத்தான் தோன்றியது. காசியான் பயந்தது இதற்குத்தான்.

பிரான்சிஸ் சலேசியார் 1609ல் வெளியிட்ட நூலில் ஒரு யோசனை சொல்கிறார்: கோபப்பட்டதற்காக உன்மேலேயே கோபப்படாதே, அதுவும் அதே நோய்தான். சரி, அதையும் எடுத்துக்கொள்கிறேன்.

நோட்டை ஒருநாள் மகள் பார்த்துவிட்டாள். என்னப்பா இது, புள்ளி புள்ளியா என்றாள். சொன்னேன். மலைப்பாதையில் நடந்ததுக்கும் புள்ளி உண்டா என்று கேட்டாள். அப்போது நோட்டு இல்லையே என்றேன். பேனாவை வாங்கி, அட்டையின் உள்பக்கத்தில் பெரிதாக ஒரு புள்ளி வைத்தாள். பக்கத்தில் தன் பெயரின் முதல் எழுத்து.

அடுத்த விடுமுறைக்குப் பழனி வழியாக ஏறலாம் என்று இருக்கிறோம். நோட்டு வண்டியில் இருக்கும்.