நிர்ப்பீடனமும் ஒவ்வாமையும்: கண்டி மலைநாட்டு மருத்துவ வரலாறு பற்றிய ஒரு நோக்கு

குண்டசாலை என்னும் ஊர்ப்பெயரைக் கேட்டதும் வரலாறு பயில்வோர் நினைவுக்கு வருபவன் ஸ்ரீ வீரபராக்கிரம நரேந்திரசிங்கன் (1707–1739) ஆவான். மகாவலி வளைந்தோடும் இவ்வூரில் மாளிகையமைத்து வாழ்ந்தமையால் அவன் 'குண்டசாலை அரசன்' என்றே வழங்கப்பட்டான். மதுரையிலிருந்து வந்த அவனுடைய அரசியின் உடன்பிறந்தானே அவனுக்குப்பின் அரசுகட்டில் ஏறிக் கண்டியில் நாயக்கர் ஆட்சியைத் தொடக்கினான் என்பதும் யாவரும் அறிந்ததே. இவ்வரசியல் வரலாறு விரிவாக எழுதப்பட்டுள்ளது. ஆயின், அதே தும்பறைப் பள்ளத்தாக்கிலும் அதனைச் சூழ்ந்த மலைகளிலும் வாழ்ந்து உழைத்தோரின் உடல்நலம் பற்றிய வரலாற்றுக்கு நாம் அத்துணை இடம் கொடுத்தோமல்லோம். அவ்வரலாற்றின் ஒரு கூற்றினை, அதாவது நோயை எதிர்த்து நிற்கும் ஆற்றலாகிய நிர்ப்பீடனத்துக்கும் ஒவ்வாமைக்கும் உள்ள உறவினை, இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

எதிர்ப்பாற்றல் குன்றியவர்க்கே ஒவ்வாமை உண்டாகும் என்பது பரவலான எண்ணம். தும்மலும் தொய்வும் தடிப்பும் அடிக்கடி வரும் பிள்ளையைப் 'பலவீனமான பிள்ளை' என்று கூறும் வழக்கு நம்மிடையே உண்டு. மருத்துவ வரலாறோ இதற்கு நேர்மாறான செய்தியையே தருகின்றது. ஒவ்வாமை என்பது நிர்ப்பீடனத்தின் குறைவன்று; அதே ஆற்றல் வேறொரு பொருளின்மேற் பாய்தலே அது.

இவ்வுண்மையின் முதற் சுவட்டினை அம்மைப்பால் குத்தும் முறையின் வரலாற்றிலேயே காணலாம். எட்வேட் ஜென்னர் 1798இல் வெளியிட்ட நூலில் மேரி பார்ஜ் என்னும் பெண்ணைப் பற்றிய குறிப்பொன்று உளது. இளமையில் மாட்டம்மை கண்டிருந்த அவளுக்கு 31 ஆண்டுகள் கழித்து, 1791இல், பெரியம்மைப் பொருள் குத்தப்பட்டது. அவளுக்கு அம்மை காணவில்லை. ஆயினும் குத்திய இடம் வெகுவிரைவிற் சிவந்து பரவிச் சில நாட்களில் அடங்கியது. நோயை ஏற்க மறுக்கும் உடலில், நோயை ஏற்கும் உடலிலும் விரைவாக அழற்சி தோன்றுவது விந்தையே என ஜென்னர் எழுதினார். அவர் கண்டது முப்பது ஆண்டுகள் மறவாதிருந்த ஓர் உடலின் நினைவு. காக்கும் ஆற்றலும் சிவந்து வீங்கும் இயல்பும் ஒரே தோலில், ஒரே வேளையிற் புலப்பட்டன. அம்மைப்பால் குத்தும் முறை 1802இல் இலங்கையை அடைந்தது. கண்டி அப்பொழுது தனியரசாக இருந்தது. 1815இன் பின்னரே அது பிரித்தானியர் ஆட்சியின்கீழ் வந்தது.

ஜென்னர் விந்தை என்று விட்டதற்கு விளக்கம் காண ஒரு நூற்றாண்டு சென்றது. பிரான்சிய அறிஞர் றிஷேயும் போட்டியேயும் கடற்சாமந்தியின் நஞ்சினை நாய்களுக்குச் சிறிது சிறிதாக ஏற்றிப் பழக்க முயன்றனர். பழகவேண்டிய நாய்கள், சில வாரங்களின்பின் மிகச்சிறு அளவு மீண்டும் ஏற்றப்பட்டதும் நிமிடக்கணக்கில் மாண்டன. காப்புக்கு எதிரானது என்னும் பொருளில் 1902இல் இதற்கு 'அனாபிலாக்சிஸ்' எனப் பெயரிட்டனர். அடுத்து வியன்னாவின் குழந்தை மருத்துவர் பிர்கே, ஷிக் என்பாருடன் சேர்ந்து, தொண்டைக்கரப்பானுக்குக் குதிரைச் சீரம் ஏற்றப்பட்ட குழந்தைகளை ஆராய்ந்தார். காக்கவென ஏற்றிய சீரமே சில நாட்களில் காய்ச்சலையும் தடிப்பையும் தந்தது. இரண்டாம் முறை ஏற்றியபோது அவை இன்னும் விரைந்து தோன்றின. 1906இல் பிர்கே 'அலர்ஜி' என்னும் சொல்லை ஆக்கினார். மாறுபட்ட எதிர்வினை என்பதே அவர் கருதிய பொருள். நோயினின்று காக்கும் மாற்றமும் நோய் தரும் மாற்றமும் ஆகிய இரண்டையும் அச்சொல் முதலில் அடக்கியிருந்தது என்பதனை நாம் கருத்திற் கொள்ளல்வேண்டும். பிற்காலத்தவரே அதனைத் தீமைக்கு மட்டும் உரிய சொல்லாகக் குறுக்கினர்.

ஈண்டுத் தமிழ்ச் சொல்லைப் பற்றியும் ஒன்று கூறலாம். 'ஒவ்வாமை' அழகிய சொல்லே; ஆயின் அது பொருந்தாமையை மட்டும் சுட்டுகின்றது. ஒத்துக்கொள்ளாத உணவனைத்தும் அதனுள் அடங்கிவிடும். முன்னர் ஒருமுறை கண்ட பொருளை உடல் நினைவிற் கொண்டிருந்து எதிர்க்கின்றது என்னும் கருத்து அச்சொல்லில் இல்லை. இக்குறை வெறும் சொல்லாராய்ச்சிக்குரியதன்று என்பது பின்னர் விளங்கும்.

அந்நினைவு குருதியிலே தங்குகின்றது என்பதை 1921இல் பிறவுஸ்னிற்சும் கூஸ்ற்னரும் மெய்ப்பித்தனர். கூஸ்ற்னருக்குச் சமைத்த மீன் ஆகாது. அவருடைய சீரத்தில் ஒரு துளியைத் தம் தோலினுள் ஏற்றிக்கொண்ட பிறவுஸ்னிற்ஸ், மறுநாள் அவ்விடத்தில் மீன்சாற்றினை ஏற்றியபோது அங்கே மட்டும் தடிப்பு எழுந்தது. சீரத்திலிருந்த பொருள் யாதென்பது 1966இல் இஷிசாக்கா தம்பதியராலும் 1967இல் சுவீடனின் ஜொஹான்சன், பெனிக் ஆகியோராலும் கண்டறியப்பட்டு, 1968இல் இம்யூனோகுளோபியூலின் ஈ எனப் பெயர் பெற்றது. நிர்ப்பீடனத் தொகுதி ஆக்கும் பிறபொருளெதிரிகளுள் இதுவும் ஒன்று. தோலிலும் மூச்சுக்குழாயிலும் குடலிலும் உள்ள மாஸ்ட் கலங்களின்மேல் இது படிந்திருக்கும். தனக்குரிய புரதம் மீண்டும் வந்து பொருந்தியதும் அக்கலங்கள் ஹிஸ்டமின் முதலிய பொருள்களைக் கொட்டுகின்றன. நாளங்கள் விரிகின்றன; தோல் தடிக்கின்றது; மூச்சுக்குழாய் சுருங்குகின்றது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். காசநோய்க்கு ஐசோனியசிட் உண்டுவந்த நோயாளர் சிலர் சூரைமீன் உண்ட சிறிது நேரத்தில் முகஞ்சிவந்து, தலையிடியும் படபடப்பும் அரிப்பும் மூச்சிளைப்பும் கொண்டனர். மீன் ஒவ்வாமை என்றோ மருந்து ஒவ்வாமை என்றோ கொள்வதற்கு எல்லா அறிகுறிகளும் இருந்தன. வெலிசறை மார்புநோய் மருத்துவமனையிற் பணியாற்றிய மருத்துவர் சி. ஜி. ஊரகொடவும் மருந்தியற் பேராசிரியர் கொட்டேகொடவும் 1977இல் இதன் உண்மையை எடுத்துரைத்தனர். சூரையின் செந்தசையில் ஹிஸ்டிடின் மிகுதி. பிடித்த மீன் வெப்பத்திற் கிடந்தால் பற்றீரியாக்கள் அதனை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். சமைத்தாலும் அது அழியாது. வழக்கமாகக் குடலிலுள்ள நொதியங்கள் அதனைச் சிதைத்துவிடும். ஐசோனியசிட் அந்நொதியங்களைத் தடுக்கின்றது. எனவே மாஸ்ட் கலங்கள் கொட்டவேண்டிய பொருளை மீனே கொண்டுவந்து கொட்டியது. நிர்ப்பீடனத் தொகுதிக்கு இதிற் பங்கில்லை. வெளித்தோற்றத்தில் ஒவ்வாமை, உண்மையில் நஞ்சூட்டம்.

பேராதனை மருத்துவபீடத்தில் நெடுங்காலம் பணியாற்றிய நிமால் சேனாநாயக்கவும் வைரவநாதன் முதலியோரும் 1978இல் எழுதிய குறிப்பு இதன் கடுமையைக் காட்டும். ஐசோனியசிட் உண்டுவந்த ஒருவர்க்குச் சூரை உண்டபின் இவ்வறிகுறிகளோடு மூளைக் குருதிக்கலன் தாக்கமும் நேர்ந்தது. கடலினின்று தொலைவிலுள்ள கண்டி போன்ற நகருக்கு வரும் மீன் பனிக்கட்டியின்றிக் கழிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இங்கே கணக்கிற் கொள்ளத்தக்கது. அதனினும் முக்கியமானது வேறொன்று. 'மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்று கருதும் நோயாளி மருந்தை நிறுத்துவான், காசநோய் மீளும். 'மீன் நஞ்சாயிற்று' என்று அறிந்தவனோ மீனை நிறுத்தி மருந்தைத் தொடர்வான். சொற்குறை பற்றி நாம் மேலே கூறியது இதற்காகவே.

தேயிலைத் தூசியின் கதை இத்துணைத் தெளிவானதன்று. 1903 முதல் 1915 வரை கொழும்பிற் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் கஸ்ரெலானி, தேயிலைத் தொழிற்சாலையாரிடம் கண்ட இருமலைப் பங்கசுகளால் விளைந்ததென எழுதினார். 1970இல் ஊரகொட 'ரீமேக்கரின் ஆஸ்துமா' பற்றி எழுதியபோது காரணம் தேயிலைப் பஞ்சின்பால் திரும்பியது. கொழுந்தின் மென்மயிர்கள் உலர்ந்து, சலிக்கும்போது பறந்து, உத்திரங்களிலும் யன்னல்களிலும் பஞ்சுபோற் படிவதனைத் தேயிலை 'ஸ்டோர்' கண்டோர் அறிவர். 1980இல் அவர் தொழிலாளரின் சுவாச நோய்களையும் ஆராய்ந்தார். 1984இல் கறுவாத் தொழிலாளர் 40 பேரை ஆராய்ந்து 9 பேரிடம் ஆஸ்துமாவைக் கண்டார். நோய்க்குப் பெயர் தந்தவர் உத்தியோகத்தரான ரீமேக்கர் என்பதும், தூசியை நாள்முழுதும் உட்கொண்டவர் சலிப்பறைத் தொழிலாளர் என்பதும் நாம் கவனிக்கற்பாலன. 1948இன் பின் பல்லாண்டுகள் குடியுரிமையுமின்றி இருந்த மக்கள், தம் இருமலுக்கு யாரிடம் காரணம் கேட்டிருப்பர்?

தூசியால் வரும் இருமலனைத்தும் ஒவ்வாமை ஆகா. மிளகாய்த்தூள் எவர் மூக்கையும் எரிக்கும். அதற்கு நினைவு வேண்டியதில்லை. தேயிலைப் பஞ்சோ பலரை வெறுமனே உறுத்துகின்றது; சிலரிடத்து மட்டும், மாதங்களோ ஆண்டுகளோ கழிந்தபின், நிர்ப்பீடனத் தொகுதியை விழிப்பித்துத் தொய்வினை உண்டாக்குகின்றது. இவ்வேறுபாட்டில் ஓர் இடர் மறைந்துள்ளது. 'ஒவ்வாமை' என்றதும் குற்றம் தூசியினின்று நீங்கித் தொழிலாளியின் உடல்மேற் சென்றுவிடுகின்றது. மற்றவர்க்கு வராதது உனக்கு ஏன் வந்தது என்ற கேள்வி எழுகின்றது. இக்கேள்வி தவறானது என்பதே நம் துணிபு. அவ்வுடல் கற்றுக்கொண்டது தூசியிடமிருந்தே. தூசியில்லாத அறையில் அப்பாடம் நிகழ்ந்திராது.

இத்தகைய தொல்லை தரும் பிறபொருளெதிரி நம்மிடம் இருப்பதேன்? புழுக்களை எதிர்த்தலே அதன் பழைய தொழில் என்பர். 1916இல் றொக்பெல்லர் அறநிலையத்தின் கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கிய மலைநாட்டுத் தோட்டங்களில் அதற்கு வேலை மிகுதியாகவே இருந்திருக்கும். புழு குறைந்த சமுதாயங்களில் ஒவ்வாமை கூடுகின்றது என்னும் கருத்தும் உண்டு. எனினும் அச்சான்றுகள் ஒருமுகப்பட்டவையல்ல. அதனைக் கொண்டு புழுவைப் போற்றப் புகுவோரை நாம் பின்பற்றுவதற்கில்லை. இரத்தசோகையால் மெலிந்த தோட்டத் தாய்மார் அவ்வழகினைக் கண்டவர்கள்.

பிர்கே கண்ட குதிரைச் சீரம் இன்றும் நம்மிடையே உளது. பாம்புக்கடிக்கு இங்கு வழங்கும் நஞ்செதிர்ச் சீரம் இந்தியாவிற் குதிரைகளின் குருதியிலிருந்து ஆக்கப்படுவது. வேறோர் உயிரின் நிர்ப்பீடனத்தை நாம் இரவல் பெறுகின்றோம். அதற்கு நம் உடல் காட்டும் எதிர்வினை சிறிதன்று. இலங்கையில் 1007 நோயாளரைக் கொண்டு நிகழ்த்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில் நான்கில் மூவர்க்கு உடனடி எதிர்வினைகள் தோன்றின. பெரும்பாலும் இவை முன்னினைவு வேண்டாமலே, முதல் தடவையிலேயே எழுபவை. தோற்றத்தில் மட்டும் அனாபிலாக்சிசுக்கு உடன்பிறப்பு. சீரத்துக்கு முன்னர்ச் சிறிதளவு அட்ரினலின் தோலின்கீழ் ஏற்றினால் கடுமையான எதிர்வினைகள் குறையும் என்பதை 1999இல் 105 பேரைக் கொண்ட ஆய்வு காட்டியது. 2011இன் ஆய்வு அதனை உறுதிசெய்தது. வழக்கமாகக் கொடுக்கப்பட்டுவந்த ஹைட்ரோகோட்டிசோனும் புரோமெதசினும் அவ்வாறு காத்தில.

அச்சீரம் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கே உரியது. தும்பறை மலைச்சாரல்களிலும் தோட்டங்களிலும் மிகுதியாகக் கடிப்பதோ கோப்பி விரியன். கோப்பி அழிந்து நூறாண்டுக்கு மேலாகியும் தோட்டத் தமிழில் அப்பெயர் அழியவில்லை. கடிபட்டோர் இலங்கை மருத்துவமனைகளுக்குக் கொணர்ந்த பாம்புகளுள் ஏறத்தாழ மூன்றிலொன்று இவ்வினமே என 2008இல் வெளிவந்த ஆய்வொன்று கூறும். அதன் கடிக்கு இச்சீரத்தால் நன்மையில்லை. எதிர்வினையின் இடர் மட்டுமே மிஞ்சும். ஆதலால், கடித்தது கோப்பி விரியன் என்று தொழிலாளி சொல்லும்போது அதனைச் செவிமடுத்து, இயலுமாயின் பாம்பையும் பார்த்து உறுதிசெய்தபின்பே குதிரைச் சீரத்தைப் பற்றி மருத்துவர் முடிவெடுத்தல்வேண்டும்.