பிறர் சமயத்தை நேர்மையுடன் உரைத்த பேரறிஞர் அல்-பீரூனி

இஸ்லாமிய நாகரிகம் ஈன்ற அறிஞர் பெருமக்களை நினைவுகூரும் போதெல்லாம் நம்மிடையே ஒரு வழக்கம் நிலைபெற்றுவிட்டது. அல்-குவாரிஸ்மி, இப்னு ஸீனா, இப்னுல் ஹைதம், அல்-பீரூனி எனப் பெயர்களை வரிசைப்படுத்துகிறோம். இன்னதை முதன்முதலில் கண்டவர் இவர் என ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டம் சூட்டுகிறோம். அவ்வளவில் மனநிறைவு கொண்டுவிடுகிறோம். அப்பட்டங்களுள் சில மிகையானவை என்பதும் உண்மை. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதை அல்-பீரூனி நிறுவினார் என்று எழுதுவோர் உளர். அவர் அவ்வாறு நிறுவவில்லை. பூமி தன்னைத்தானே சுழல்கிறது என்னும் கருத்தை அவர் அறிந்திருந்தார். அக்கருத்தின் அடிப்படையில் அஸ்-ஸிஜ்ஸி அமைத்த வானியற் கருவியையும் கண்டு பாராட்டினார். வானியல் கணக்குகளுக்கு அக்கருத்தினால் ஊறு விளையாது என்றும் எழுதினார். ஆயினும் பூமி நிலையாக நடுவில் உள்ளது என்பதே அவர் இறுதியில் ஏற்ற நிலைப்பாடு.

இத்தகைய மிகைப்புகழ் அவருக்குத் தேவையற்றது. அவருடைய உண்மைப் பெருமை வேறோர் இடத்தில் இருக்கிறது. தம் மார்க்கத்தில் உறுதியாக நின்றுகொண்டே, பிற சமயத்தவரின் கொள்கையை அவர்களே ஒப்பும் வண்ணம் எடுத்துரைக்க முடியும் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே செய்து காட்டியவர் அவர். அதுவும் அம்மக்களை வென்றடக்கிய ஓர் அரசின் நிழலில் இருந்துகொண்டு செய்தார். அவருடைய வாழ்வில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி இதுவே.

புறநகரில் பிறந்த புலவர்

அபூ ரைஹான் முஹம்மத் இப்னு அஹ்மத் அல்-பீரூனி ஹிஜ்ரி 362 ஆம் ஆண்டு துல்ஹஜ் மாதம், அதாவது கி.பி. 973 செப்டம்பரில் குவாரிஸம் நாட்டில் பிறந்தார். அந்நாட்டின் தலைநகராயிருந்த காத் நகரம் இன்றைய உஸ்பெகிஸ்தானில் அமைந்திருந்தது. 'பீரூன்' என்னும் பாரசீகச் சொல்லுக்கு 'வெளிப்புறம்' என்பது பொருள். நகரின் புறத்தே பிறந்தமையால் இப்பெயர் வாய்த்தது என்பர். அவருடைய தாய்மொழி குவாரிஸம் மொழி. அரபியும் பாரசீகமும் அவர் முயன்று கற்றவை. தம் முதுமையில் எழுதிய மருந்தியல் நூலின் முன்னுரையில், தாய்மொழியில் அறிவியலை எழுதுவது எவ்வளவு பொருந்தாத் தோற்றம் தரும் என்பதை அவர் நகைச்சுவையுடன் குறிப்பிடுகிறார். அறிவுத்துறைகள் அனைத்தும் வந்து சேர்ந்த மொழி என்பதால் அரபியையே அவர் தேர்ந்துகொண்டார்.

அரச குடும்பத்தைச் சார்ந்தவரும் கணித மேதையுமான அபூ நஸ்ர் மன்ஸூர் இப்னு இராக் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். கி.பி. 995 இல் குர்கான்ஜ் ஆட்சியாளர்கள் காத் நகரைக் கைப்பற்றினர். இருபத்திரண்டு வயதினராயிருந்த அல்-பீரூனி நாட்டை விட்டு ஓட நேர்ந்தது. இந்த அலைச்சலுக்கிடையிலும் அவருடைய ஆய்வு நின்றுவிடவில்லை. கி.பி. 997 மே 24 அன்று நிகழ்ந்த சந்திர கிரகணத்தை அவர் காத்திலிருந்தும், புகழ்பெற்ற வானியலாளர் அபுல் வஃபா பக்தாதிலிருந்தும், முன்னரே பேசிவைத்துக்கொண்டு கணித்தனர். இரு நகரங்களிலும் கிரகணம் தென்பட்ட நேர வேறுபாட்டைக் கொண்டு அவற்றின் தீர்க்கரேகை வேறுபாடு கணக்கிடப்பட்டது. தொலைத்தொடர்பு வசதி ஏதுமற்ற காலத்தில் இரு நகரத்து அறிஞர்கள் கைகோத்துச் செய்த இவ்வாய்வு வியப்புக்குரியது.

பின்னர் ஜுர்ஜான் அரசர் காபூஸ் இப்னு வஷ்ம்கீரின் ஆதரவில் இருந்தபோது, கி.பி. 1000 வாக்கில், 'அல்-ஆஸாருல் பாகியா' என்னும் நூலை எழுதினார். பல்வேறு சமூகத்தாரின் ஆண்டுக் கணக்குகளையும் திருநாள்களையும் ஆராயும் நூல் இது. அப்போது அவருக்கு வயது 27. இந்நூலில் ஓரிடம் நம் கவனத்திற்குரியது. குவாரிஸத்தை வென்ற தளபதி குதைபா இப்னு முஸ்லிம், அந்நாட்டின் பழைய எழுத்தையும் மரபுகளையும் அறிந்திருந்த அறிஞர்களை அழித்தொழித்ததால் அந்நாட்டின் பண்டை வரலாறு மறைந்துபோயிற்று என்று அல்-பீரூனி அதில் பதிவு செய்கிறார். வென்றவர் முஸ்லிம் தளபதி என்பதற்காக அவர் உண்மையை மூடி மறைக்கவில்லை. பிற்காலத்தில் இந்தியாவைப் பற்றி எழுதப்போகும் பேனாவை நாம் இங்கேயே அடையாளம் கண்டுகொள்கிறோம்.

கஸ்னாவும் ஓர் ஏழைக் கருவியும்

கி.பி. 1017 இல் சுல்தான் மஹ்மூத் கஸ்னவி குவாரிஸத்தைக் கைப்பற்றினார். அல்-பீரூனியும் அவருடைய ஆசிரியர் அபூ நஸ்ரும் கஸ்னாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர் அங்கு விருந்தினராகச் சென்றாரா, சிறைப்பட்டவராகச் சென்றாரா என்பது வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடும் செய்தி. அவர் விரும்பிச் செல்லவில்லை என்பது மட்டும் தெளிவு.

அந்நாள்களில் அவர் பட்ட துன்பத்தை 'தஹ்தீது நிஹாயாத்தில் அமாகின்' என்னும் நூலில் காணலாம். ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைத் துல்லியமாகக் கண்டு, அதன்வழிக் கஸ்னாவின் கிப்லா திசையை நிர்ணயிப்பதே அந்நூலின் நோக்கங்களுள் ஒன்று. கி.பி. 1018 அக்டோபரில் காபூலுக்கு அருகிலுள்ள ஜைஃபூர் என்னும் சிற்றூரில் தாம் இருந்ததாகவும், நூஹ் (அலை), லூத் (அலை) ஆகிய நபிமார்கள் பட்ட சோதனைகளை ஒத்த சோதனையில் சிக்கியிருந்ததாகவும் அதில் எழுதுகிறார். கையில் வானியற் கருவி ஏதும் இல்லை. கருவி செய்யப் பொருளும் இல்லை. எனவே கணக்குப் போடும் பலகையின் பின்புறத்தில் ஒரு வட்டவில்லை வரைந்து, பாகைக் கோடுகள் இட்டு, தூக்குநூல் ஒன்றைத் தொங்கவிட்டு, அதனைக் கொண்டே சூரியனின் உயரத்தை அளந்தார். அரசும் ஊரும் உடைமையும் பறிபோன நிலையிலும் அளவெடுக்கும் பணி அவரை விட்டுப் போகவில்லை.

மலையும் தொடுவானமும்

பூமியின் அளவைக் காணக் கலீஃபா மஃமூன் காலத்து அறிஞர்கள் பாலைவனத்தில் வடக்கு நோக்கி நடந்து, ஒரு பாகைக்குரிய தூரத்தை அளந்திருந்தனர். அல்-பீரூனி பாலைவனத்தில் நடக்காமலேயே அவ்வளவைக் காண ஒரு வழி கண்டார். இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில் உப்புமலைத் தொடரில் உள்ள நந்தனாக் கோட்டையில் அவர் தங்கியிருந்தபோது, பரந்த சமவெளியை நோக்கி நிற்கும் ஒரு மலை அதற்கு வாய்ப்பாக அமைந்தது. முதலில் அம்மலையின் உயரத்தைக் கணக்கிட்டார். அது ஏறத்தாழ 652 முழம். பின்னர் உச்சியில் ஏறி நின்று, தொடுவானம் கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு கோணம் தாழ்ந்து தெரிகிறது என அளந்தார். அது 34 கலை. இவ்விரண்டையும் முக்கோணவியல் விதியில் பொருத்தியதும் பூமியின் ஆரம் கிடைத்தது.

இவ்விடை இன்றைய அளவுக்கு மிக நெருங்கியது என்று பலரும் எழுதுவர். அந்த நெருக்கம், அவர் பயன்படுத்திய முழத்துக்கு நாம் எந்த நீளத்தைக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. காற்று மண்டலத்தில் ஒளி வளைவதும் அக்கோண அளவைப் பாதிக்கும். முறையின் எளிமையும் நுட்பமும்தாம் இதில் போற்றத்தக்கன. இன்னொன்றும் உண்டு. தம் விடை மஃமூன் காலத்து விடைக்கு அருகில் அமைந்தது கண்ட அல்-பீரூனி, அவர்களுடைய கருவிகள் தம்முடையதினும் நுட்பமானவை என்று கூறி, அவர்களின் அளவையே ஏற்றுக்கொண்டார். தாமே கண்ட அழகிய வழியின்மேல் அவருக்கு மயக்கம் ஏற்படவில்லை.

இந்தியாவைப் பற்றிய நூல்

கஸ்னாவுக்கு வந்தபோது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. அதன் பின்னரே அவர் சமஸ்கிருதத்தைக் கற்றார். பண்டிதர்களைத் தேடி அமர்த்திக்கொண்டார். நூல்களை எங்கிருந்தாயினும் பொருள் கொடுத்துத் தருவித்தார். பகவத் கீதை, புராணங்கள், பிரம்மகுப்தர், வராஹமிஹிரர் ஆகியோரின் வானியல் நூல்கள் முதலியவற்றை ஆராய்ந்தார். பதஞ்சலியின் யோக நூலை அரபியில் தந்தார். யூக்ளிடின் வடிவியலையும் தாலமியின் வானியலையும் இந்திய அறிஞர்களுக்காகச் சமஸ்கிருதத்தில் ஆக்கும் முயற்சியிலும் ஈடுபட்டார். இவ்வுழைப்பின் கனியாக, ஏறத்தாழ கி.பி. 1030 இல், 80 அத்தியாயங்கள் கொண்ட 'தஹ்கீகு மா லில் ஹிந்த்' நிறைவுற்றது.

இந்நூல் பிறந்த வரலாறு நமக்குப் பெரும் பாடம். அபூ ஸஹ்ல் அத்-திஃப்லீஸி என்னும் அறிஞர் ஒருநாள் அவரிடம் உரையாடினார். முஃதஸிலாக் கொள்கையை எதிர்த்து எழுதிய ஒருவர், அவர்கள் சொன்னதைத் திரித்து எழுதியிருந்ததைக் குறித்து அவர் வருந்தினார். அல்லாஹ் தன் உள்ளமையினாலேயே அறிகிறான் என்பது முஃதஸிலாக்களின் கூற்று. அதனை எதிர்ப்பாளரோ, அல்லாஹ்வுக்கு அறிவு இல்லை என்று அவர்கள் சொல்வதாக எழுதிவிட்டார்! மாற்றாரின் கொள்கையை எழுதுவோர் பெரும்பாலும் இவ்வாறே செய்கின்றனர் என்று அல்-பீரூனி விடையிறுத்தார். ஒரே மார்க்கத்தின் பிரிவினரைப் பற்றி எழுதும்போதே இந்நிலை என்றால், மொழியாலும் சமயத்தாலும் முற்றிலும் அந்நியமான மக்களைப் பற்றி எழுதப்படுவன எந்த அளவுக்கு நம்பத்தக்கன? இந்துக்களின் சமயம் குறித்து அதுவரை இருந்தவை, ஒருவர் எழுதியதை மற்றொருவர் ஆராயாது எடுத்தெழுதியவையே என்பதில் இருவரும் ஒருமித்தனர். திஃப்லீஸியின் தூண்டுதலே நூலுக்கு வித்தாயிற்று.

தமக்கே எதிராயினும் நீதிக்குச் சான்று பகர வேண்டும் என்னும் திருக்குர்ஆனின் கட்டளையை அல்-பீரூனி முன்னுரையில் நினைவூட்டுகிறார். இது வாதப்போர் நூலன்று என்றும், இந்துக்களின் கூற்றை உள்ளவாறே தந்து, அதனோடு கிரேக்கர்களின் ஒத்த கருத்துகளை ஒப்பிட்டுக் காட்டுவதே தம் வழி என்றும் தெளிவுபடுத்துகிறார். சில இடங்களில் ஸூஃபிகளின் கருத்துகளும் ஒப்பீட்டுக்கு வருகின்றன.

சிலை வணக்கத்தைப் பற்றிய அத்தியாயம் இதற்குச் சிறந்த சான்று. ஏகத்துவத்தில் ஊன்றிய அவ்வறிஞர், கற்றோர் கொள்கையும் பாமரர் வழக்கமும் ஒன்றல்ல என்று முதலிலேயே பிரித்துக் காட்டுகிறார். கண்ணால் காண்பதையே மனம் பற்றிக்கொள்வது பாமர இயல்பு. மக்காவையும் கஅபாவையும் ஓவியமாக்கிக் காட்டினால் நம் பாமரரும் அதனை முத்தமிடத் துணிவர் என்கிறார். பிறரிடம் காணும் பலவீனத்தின் வேரைத் தம்மவரிடமும் காட்டும் இந்த நேர்மை அரிதினும் அரிது.

அதற்காக அவர் புகழ்ந்து மட்டும் எழுதவில்லை. தம்மைவிட அறிந்தவர் எவருமில்லை என்னும் செருக்கு அக்கால இந்திய அறிஞர்களிடம் இருந்ததைக் கண்டிக்கிறார். அவர்களின் முன்னோர் இவ்வாறு குறுகிய மனத்தினர் அல்லர் என்பதற்கு, கிரேக்கர்களின் அறிவைப் பாராட்டிய வராஹமிஹிரரையே சான்று காட்டுகிறார். கிரகணத்தின் உண்மைக் காரணத்தை அறிந்திருந்தும், சமய மரபுக்கு அஞ்சி ராகுவின் கதைக்கு இடமளித்த பிரம்மகுப்தரை வன்மையாகச் சாடுகிறார்.

தாம் நேரில் காணாததைக் கண்டதாக அவர் எழுதுவதில்லை. லாகூர், பெஷாவர், முல்தான், சியால்கோட், நந்தனா முதலிய தாம் அட்சரேகை கண்ட இடங்களைப் பட்டியலிட்டு, அவற்றுக்கு அப்பால் தாம் சென்றதில்லை என்று வெளிப்படையாக உரைக்கிறார். தெற்கே சரந்தீபையும், அதற்கு எதிரிலுள்ள இராமேசுவரத்தையும், சேதுவையும் அவர் குறிப்பிடுவது கேள்வி அறிவினாலேயே.

சுல்தானின் நிழலில்

இந்நூலின் துணிவு முழுவதும் விளங்க வேண்டுமானால், அது எழுதப்பட்ட இடத்தை நாம் மனங்கொள்ள வேண்டும். கஸ்னா, மஹ்மூதின் தலைநகர். அவர் கி.பி. 1030 ஏப்ரலில் மறைந்தார். சில திங்களிலேயே நூல் முடிவுற்றது. அரசவைப் புலவர்கள் மஹ்மூதின் இந்தியப் படையெடுப்புகளைப் பாடிப் பரிசில் பெற்ற ஊர் அது. அங்கிருந்துகொண்டு, மஹ்மூதின் படையெடுப்புகள் அந்நாட்டின் செழிப்பைச் சிதைத்துவிட்டன. மக்கள் துகள்களாய்ச் சிதறினர். எஞ்சியோர் உள்ளத்தில் முஸ்லிம்கள்மீது தீரா வெறுப்பு ஊன்றியது. கல்வி காஷ்மீரம், காசி போன்ற தொலைவிடங்களுக்கு ஒதுங்கிற்று என்று எழுதினார் அல்-பீரூனி. சுல்தானுக்குரிய மரியாதைச் சொற்களை அவர் விட்டுவிடவில்லை, உண்மையையும் விட்டுவிடவில்லை.

மஹ்மூதின் மகன் மஸ்வூதின் பெயரால் அவர் இயற்றிய 'அல்-கானூனுல் மஸ்வூதி' வானியலின் கலைக்களஞ்சியம் எனத்தக்கது. அதற்குப் பரிசாக யானைச் சுமை அளவு வெள்ளிக்காசுகளைச் சுல்தான் அனுப்பியதாகவும், தமக்கு அது தேவையில்லை என அவர் திருப்பிவிட்டதாகவும் யாகூத் எழுதிவைத்துள்ளார். குவாரிஸத்துப் பெண்மணி ரைஹானா பின்துல் ஹஸனுக்காக, வினா விடை வடிவில் 'அத்-தஃப்ஹீம்' என்னும் வானியல், சோதிட முதல்நூலை அவர் எழுதியதும் நினைவில் கொள்ளத்தக்கது. கி.பி. 1036 இல் அவரே தொகுத்த பட்டியலில் நூற்றுக்கு மேற்பட்ட அவருடைய நூல்கள் இடம்பெற்றன. இன்று நமக்குக் கிடைப்பவை அவற்றுள் ஒரு சிறு பகுதியே.

இறுதி வினா

ஹிஜ்ரி 440, கி.பி. 1048 வாக்கில் கஸ்னாவில் அவர் மறைந்ததாகக் கொள்வர். இரண்டோர் ஆண்டு பின்னர் என்பாரும் உளர். மரணப் படுக்கையில் அவரைக் காண வந்த சட்ட அறிஞர் ஒருவரிடம், தாய்வழிப் பாட்டியரின் வாரிசுரிமை குறித்து முன்னொருமுறை பேசிய சிக்கலை விளக்குமாறு அவர் கேட்டாராம். இந்த நிலையிலா என்று வந்தவர் இரங்கினார். அறியாமல் உலகை விட்டுச் செல்வதைவிட அறிந்து செல்வது நன்றல்லவா என்று மறுமொழி வந்தது. விளக்கம் சொல்லி முடித்து, அறிஞர் தெருவில் நடந்துகொண்டிருக்கையிலேயே வீட்டிலிருந்து அழுகுரல் எழுந்தது என்று யாகூத் கூறுகிறார்.

அல்-பீரூனியின் இந்திய நூலைப் பிற்கால முஸ்லிம் உலகம் போதிய அளவு பயிலவில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஜெர்மானிய அறிஞர் எட்வர்ட் ஸாக்கௌ 1887 இல் அரபு மூலத்தையும், 1888 இல் ஆங்கில மொழிபெயர்ப்பையும் பதிப்பித்த பின்னரே உலகம் அதனை மீண்டும் கண்டுகொண்டது. இன்று பல சமயத்தவர் அருகருகே வாழும் நாடுகளில், ஒருவர் மற்றவரைப் பற்றிச் சொல்வன பெரும்பாலும் திஃப்லீஸி வருந்திய வகையினவே. நம்மைப் பற்றிப் பிறர் திரித்து எழுதும்போது நாம் மனம் நோகிறோம், அது இயல்பு. ஆனால் பிறரைப் பற்றி நாம் எழுதுவதும் பேசுவதும் அவர்கள் கேட்டால் ஒப்புக்கொள்ளத்தக்கதாக உள்ளதா? அல்-பீரூனியைப் போற்றும் நாம், அவர் பெயருக்கு இன்னொரு பட்டம் தேடுவதற்கு முன் இவ்வினாவுக்கு விடை காண்பதே அவருக்குச் செய்யும் தக்க மரியாதையாகும்.