எர்துருல் முடிந்த பிறகு: திரையின் முடிவும் வரலாற்றின் முடிவும்

2019ஆம் ஆண்டு மே 29ஆம் நாள், ரமளான் மாதத்தின் கடைசிப் பத்தில், 'திரிலிஷ் எர்துருல்' தொடரின் இறுதிப் பகுதி துருக்கியின் அரசுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. 2014 டிசம்பரில் தொடங்கி, ஐந்து பருவங்களாக, 150 பகுதிகளாக ஓடிய தொடர் அது. 1453இல் உஸ்மானியர் கான்ஸ்டாண்டிநோபிளை வெற்றி கொண்டதும் ஒரு மே 29ஆம் நாளே. 2020 ரமளானில் பாகிஸ்தான் அரசுத் தொலைக்காட்சி இத்தொடரை உருதுவில் ஒளிபரப்பத் தொடங்க, அதன் புகழ் தெற்காசியா எங்கும் பரவியது. குன்னம் வட்டத்தில் வெள்ளாற்றங்கரையிலுள்ள லப்பைக்குடிக்காடு முதலிய நம் ஊர்களிலும், அங்கிருந்து வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றோர் தங்கும் அறைகளிலும், கைப்பேசித் திரையில் அதைப் பார்த்து முடித்தவர் பலர். நெருங்கிய உறவினரை வழியனுப்பியது போன்றதொரு வெறுமை அவர்கள் உள்ளத்தில் எஞ்சியது.

இவ்வெறுமை நமக்கு மட்டும் உரியதன்று. 1988 ஜூலையில் தூர்தர்ஷனின் 'இராமாயணம்' தொடர் நிறைவுற்றபோது, கதையை மேலும் தொடர வேண்டுமென்று ஜலந்தரில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர், பிற்பகுதியும் எடுக்கப்பட்டது. 1999 முதல் 2001 வரை ஓடிய 'சித்தி' தொடர் முடிந்தபோது, தமிழ்நாட்டு இல்லங்களின் இரவுப் பொழுதே மாறிப்போயிற்று. நாள்தோறும் வீட்டுக்குள் வந்துபோன முகங்கள் திடீரென்று வராதொழிந்தால் மனம் தேடத்தான் செய்யும். அதில் குற்றமில்லை.

ஆனால் எர்துருலின் முடிவில் வேறொன்றும் கலந்திருக்கிறது. மற்றத் தொடர்களைக் கதையென்று அறிந்தே பார்த்தோம். இதையோ நம் வரலாறென்று எண்ணிப் பார்த்தோம்.

வரலாறு சொல்வது மிகக் குறைவு. எர்துருல் காஸி என்றொருவர் வாழ்ந்தார் என்பதற்கு, அவர் மகன் உஸ்மான் வெளியிட்ட நாணயம் சான்றாக உள்ளது. அதில் 'எர்துருலின் மகன் உஸ்மான்' என்று பொறிக்கப்பட்டுள்ளது. அவரைப் பற்றிய விரிவான செய்திகளோ, அவர் காலத்திற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் எழுந்த உஸ்மானிய வரலாற்றேடுகளில்தான் கிடைக்கின்றன. அவருடைய தந்தை சுலைமான் ஷாவா, குந்துஸ் ஆல்பா என்பதிலேயே அவை வேறுபடுகின்றன. தொடரில் எர்துருலுக்கு வழிகாட்டியாக வரும் இப்னு அரபி (1165–1240) மெய்யாக வாழ்ந்த பேரறிஞர். எனினும் இருவரும் சந்தித்தமைக்குச் சான்று இல்லை. சல்ஜூக்கிய அமைச்சர் சாததீன் கோபெக் திரையில் எர்துருலின் வாளுக்கு இரையாகிறார். வரலாற்றில் அவரைக் கொல்வித்தவர் சுல்தான் இரண்டாம் கைகுஸ்ரூ. சில வரிச் செய்திகளிலிருந்து 150 பகுதிகளை எழுப்பியது கலைஞரின் கற்பனை.

இவ்வேறுபாடு மறந்துபோனதால் நேர்ந்தவற்றையும் கண்டோம். லாகூரில் ஒரு குடியிருப்புப் பகுதியில் எர்துருலுக்குச் சிலை எழுந்தது. ஹலீமாவாக நடித்த நடிகையின் சமூக ஊடகப் பக்கத்திற்கே சென்று, அவருடைய அன்றாட உடையைக் கண்டித்து எழுதினர் இரசிகர் சிலர். தொடர் முடிந்தும் அவர்கள் அதிலிருந்து வெளியே வரவில்லை.

ஒரு கதை நின்ற இடத்தில் நம் முன்னோர் என்ன செய்தனர்? உமறுப் புலவரின் சீறாப்புராணம் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்களில் 5027 பாடல்களைக் கொண்டது. ஆயினும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வு முழுவதும் அதில் இடம்பெறவில்லை. மதீனத்து வாழ்வின் இடையிலேயே அது நின்றுவிடுகிறது. எஞ்சிய வரலாற்றைக் காயல்பட்டினத்துப் பனீ அஹ்மது மரைக்காயர் 'சின்னச் சீறா'வாகப் பாடினார். அந்தக் குறையைக் கண்டவர் ஏங்கிக்கொண்டிராமல் தாமே கற்று எழுதத் துணிந்தார்.

நமக்கும் எழுதப்பட வேண்டிய வரலாறு அருகிலேயே கிடக்கிறது. பெரம்பலூருக்கு வடக்கே, திருச்சி–சென்னை நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கிறது இரஞ்சன்குடிக் கோட்டை. 17ஆம் நூற்றாண்டில் ஜாகீர்தார் ஒருவர் எழுப்பிய அக்கோட்டையின் அருகே, 1751இல் வாலிகண்டபுரம் போர் நடந்தது. ஆர்க்காட்டு நவாப் பதவிக்கு உரிமை கோரிய முகம்மது அலிக்கு ஆங்கிலேயர் துணை. சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. கோட்டைத் தலைவரோ இரு தரப்பாரோடும் பேசிக் காலம் கடத்தினார். ஆங்கிலப் படை திருச்சிராப்பள்ளியை நோக்கிப் பின்வாங்கியது. மறு ஆண்டே சந்தா சாகிப் சரணடைந்து கொல்லப்பட்டார். முகம்மது அலி அரியணையைக் காத்துக்கொண்டார். ஆனால் கும்பினியின் கடனில் மூழ்கினார். 1801இல் கர்நாடகம் முழுவதும் கும்பினியின் ஆட்சிக்குள் சென்றது.

இதில் எர்துருலும் இல்லை, எளிதில் அடையாளம் காணத்தக்க பகைவனும் இல்லை. இரு தரப்பிலும் கலிமா சொன்னவர்களே நின்றார்கள். தம் சகோதரனை வெல்ல அந்நியனை அழைத்தார்கள். இறுதியில் நாட்டை அந்நியனே எடுத்துக்கொண்டான். இத்தகைய முடிவைத் தொலைக்காட்சி விரும்பாது. தொடரின் முடிவு பார்ப்பவருக்குப் பெருமிதம் தர வேண்டும். வரலாற்றின் முடிவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சகோதரச் சண்டையின் விலை என்னவென்று நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க, சோகுத் நகரத்துக் கல்லறையைவிட இரஞ்சன்குடியின் அகழி நெருக்கமான பாடசாலையாகும்.

எர்துருலைப் பார்த்து நெகிழ்ந்த உள்ளங்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. நம்மவர் யார், எப்படி வாழ்ந்தார் என்றறியும் தாகத்தை அத்தொடர் எழுப்பியிருக்கிறது. அந்தத் தாகத்தை அடுத்த தொடரால் தணிக்க முயலாமல், ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை அக்கோட்டைக்கு அழைத்துச் செல்வோம். ஊர்ப் பெரியவர்களிடம் பள்ளிவாசலின் பழைய வரலாற்றைக் கேட்டு எழுதி வைப்போம். மெய்யையும் புனைவையும் பிரித்தறியும் தெளிவை வல்ல இறைவன் நமக்கு வழங்குவானாக!