மூளைப் படத் தரவுப் பகுப்பாய்வு: மென்பொருள் தெரிவும் நிறுவலும்

மூளையின் எம்.ஆர்.ஐ. தரவு ஸ்கேன் கருவியிலிருந்து டைகாம் கோப்புகளாக வெளிவருகிறது. ஒருவரின் ஒரே அமர்வுக்கே நூற்றுக்கணக்கில் கோப்புகள் சேரும், செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. என்றால் ஆயிரத்தைத் தாண்டும். அவற்றை நிஃப்டி வடிவுக்கு மாற்றுவது, தலை அசைவைத் திருத்துவது, மண்டையோட்டை நீக்குவது, ஒவ்வொருவரின் மூளையையும் ஒரு பொது வார்ப்புருவுக்குப் பொருத்துவது, பிறகு புள்ளியியல் சோதனை என்று எல்லாமே மென்பொருளின் வேலை. ஆனால் ஆய்வேடுகளில் அந்த மென்பொருளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வரிதான்; பதிப்பு எண்கூடப் பல நேரம் இருப்பதில்லை. எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், எந்த வார்ப்புரு என்ற நான்கும் முடிவின் எண்களையே மாற்றக்கூடியவை. ஆகவே தெரிவையும் நிறுவலையும் ஆய்வு முறையின் பகுதியாகவே கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கொங்கு வட்டாரத்துக்கு இது நேரடியாகப் பொருந்தும். ஸ்கேன் கருவிக்குக் கோடிக்கணக்கில் முதல் தேவை. பகுப்பாய்வு மென்பொருளோ பெரும்பாலும் இலவசம். கோவையிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் சாலையில் உள்ள அன்னூரில் இருக்கும் ஒரு மாணவர், 2012-இல் வெளியான அபைடு என்னும் ஆட்டிசம் ஆய்வுத் தொகுப்பின் 1,112 பேர் தரவையோ ஓப்பன்நியூரோ களஞ்சியத்தின் தரவையோ இறக்கி வீட்டிலிருந்தே ஆராய முடியும். அந்த வாய்ப்பைப் பயன்படுத்துவதற்கு நடுவே நிற்பது நிறுவல்தான்.

பெரிதும் புழக்கத்தில் உள்ள பொதிகள் நான்கு. எஸ்.பி.எம். 1990-களின் தொடக்கத்தில் லண்டனில் கார்ல் ஃபிரிஸ்டன் உருவாக்கியது. ஏ.எஃப்.என்.ஐ. அமெரிக்காவின் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் ராபர்ட் காக்ஸ் 1994-இல் தொடங்கியது. எஃப்.எஸ்.எல். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து 2000-இல் வந்தது. ஃப்ரீசர்ஃபர் பாஸ்டனில் புரூஸ் ஃபிஷல், ஆண்டர்ஸ் டேல் ஆகியோரின் பணியில் பிறந்தது. இவற்றில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதால் பயனில்லை. ஆய்வுக் கேள்விதான் அதைத் தீர்மானிக்க வேண்டும். புறணியின் தடிமனை அளக்க ஃப்ரீசர்ஃபர் இயல்பான தெரிவு. வெண்பொருள் நார்ப்பாதைகளை ஆராய எஃப்.எஸ்.எல். பழகிய கருவி. சாம்பல் பொருளின் அளவை வோக்சல் (முப்பரிமாணப் படப்புள்ளி) வாரியாக ஒப்பிடுவோர் பெரும்பாலும் எஸ்.பி.எம். பக்கம் போகிறார்கள். வழிகாட்டும் பேராசிரியர் எதைப் பழகினாரோ அதையே மாணவரும் எடுப்பது நடைமுறை. கற்பதற்கு அது உதவும். தெரிவுக்கான காரணமாக அதை ஏற்க முடியாது.

உரிமத்தைத் தொடக்கத்திலேயே படித்துவிட வேண்டும். எஸ்.பி.எம். திறந்த மூலம்; ஆனால் அது ஓடும் மேட்லேப் விலைக்குரியது. நிறுவன உரிமத்தை நம்பித் தொடங்கிய ஆய்வு, மாணவர் படிப்பு முடித்து வெளியேறியதும் நின்றுபோகலாம். மேட்லேப் இல்லாமலே ஓடும் தனிப்பதிப்பு ஒன்று உண்டு என்பது பலர் கவனத்துக்கு வருவதில்லை. எஃப்.எஸ்.எல். வணிகம் சாரா பயன்பாட்டுக்கு மட்டுமே இலவசம். தனியார் மருத்துவமனைகள் நிறைந்த கோவையில் இது சிறு விஷயம் அல்ல: கட்டணம் வாங்கித் தரும் அறிக்கைக்கு அதைப் பயன்படுத்தினால் தனி உரிமம் வேண்டும். ஃப்ரீசர்ஃபர் பதிவு செய்தால் இலவசம். சிகிச்சை முடிவெடுக்க உருவாக்கப்பட்டதன்று.

அடுத்தது கணினி. எஃப்.எஸ்.எல்., ஏ.எஃப்.என்.ஐ., ஃப்ரீசர்ஃபர் மூன்றும் லினக்ஸ், மேக் தளங்களுக்கு உரியவை. விண்டோஸில் அதன் உள்ளேயே ஒரு லினக்ஸை அமைத்துத்தான் ஓட்ட வேண்டும். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. டெபியன் வழிவந்த அந்த இயங்குதளத்தில் சென்னை சி-டாக் முக்கியப் பங்கு வகித்தது. கிராமப்புற மாணவர் கைக்கு லினக்ஸ் போய்ச் சேர்ந்த அந்த அரிய வாய்ப்பு, கட்டளை வரியைக் கற்றுத்தரும் பாடத்தோடு இணைந்திருந்தால் இன்றைய நிறுவல் சிக்கல்களில் பாதி எழுந்திருக்காது.

ஃப்ரீசர்ஃபரின் முழு ஓட்டமான ரீகான்-ஆல், சாதாரணக் கணினியில் ஒருவரின் மூளைக்கே பல மணி நேரம் எடுக்கும். இடையில் மின்சாரம் போனால் ஓட்டம் அறுந்துவிடும். மறுபடி தொடங்கினால் 'இந்த நபருக்கான ஓட்டம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது' என்று மென்பொருள் மறுக்கும். அந்த நபரின் ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறையில் 'இஸ்ரன்னிங்' என்று தொடங்கும் பெயரில் ஒரு சிறு கோப்பு எஞ்சி நிற்பதே காரணம். அதை நீக்கிவிட்டு, விட்ட கட்டத்திலிருந்து தொடரச் சொல்லும் தெரிவைக் கொடுத்தால் வேலை நகரும். இது தெரியாமல் மொத்த நிறுவலையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவோர் உண்டு. யு.பி.எஸ். வாங்குவது இங்கே ஆய்வுச் செலவுக் கணக்கில் சேர்க்கத்தக்கதே.

பதிப்பு ஏன் முக்கியம் என்பதற்கு வலுவான சான்று 2012-இல் க்ரோனன்ஷில்ட் குழு வெளியிட்ட ஆய்வு. அதே ஸ்கேன்களை ஃப்ரீசர்ஃபரின் வெவ்வேறு பதிப்புகளில் ஓட்டியபோது மூளைப் பகுதிகளின் கன அளவு சராசரியாக 8.8 சதவீதமும், புறணித் தடிமன் 2.8 சதவீதமும் வேறுபட்டன. கணினியையோ இயங்குதளப் பதிப்பையோ மாற்றினாலும் வேறுபாடு இருந்தது. அது பதிப்பு மாற்றத்தால் வந்ததில் ஏறத்தாழப் பாதி. நோயால் நேரும் மாற்றமே சில சதவீதம்தான் என்னும் ஆய்வுகளில், நோயாளிகளை ஒரு பதிப்பிலும் நலமானவர்களை மற்றொரு பதிப்பிலும் ஓட்டினால் கிடைப்பது மென்பொருளின் வேறுபாடே. 2016-இல் எக்லுண்ட், நிக்கோல்ஸ், நட்சன் ஆகியோர் எஸ்.பி.எம்., எஃப்.எஸ்.எல்., ஏ.எஃப்.என்.ஐ. மூன்றையும் சோதித்து, கொத்து அடிப்படையிலான சோதனைகளில் 5 சதவீதமாக இருக்க வேண்டிய பொய்நேர்வு சில அமைப்புகளில் 70 சதவீதம் வரை ஏறுவதைக் காட்டினர். ஏ.எஃப்.என்.ஐ.யில் 15 ஆண்டுகளாக மறைந்திருந்த ஒரு பிழையும் அப்போது வெளிப்பட்டது. 2020-இல் 70 குழுக்களுக்கு 108 பேரின் ஒரே தரவு தரப்பட்டபோது, எந்த இரு குழுவும் ஒரே வழியைப் பின்பற்றவில்லை. இவற்றைக் கண்டு மென்பொருளை நம்பாமல் ஒதுங்க வேண்டியதில்லை. ஓர் ஆய்வு முடியும் வரை ஒரே பதிப்பு, ஒரே சூழல் என்பதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பதே முதல் தேவை.

இதற்குக் கொள்கலன் முறை உதவுகிறது. மென்பொருளையும் அது சார்ந்த நூலகங்களையும் ஒரே கட்டாக அடைத்து எந்தக் கணினியிலும் அதே சூழலில் ஓட்டும் முறை அது. எஃப்.எம்.ஆர்.ஐ.பிரெப் என்னும் முன்செயலாக்கப் பொதி முக்கியமாக இவ்வாறே வழங்கப்படுகிறது. தரவு 2016-இல் முன்வைக்கப்பட்ட பிட்ஸ் ஒழுங்கில் கோப்புறைகளாக அடுக்கப்பட்டிருந்தால் அது மீதியைத் தானே பார்த்துக்கொள்ளும். விண்டோஸ் மடிக்கணினியில் கொள்கலன் ஓடாமல் போனால் முதலில் பார்க்க வேண்டியது பயாஸ் அமைப்பில் மெய்நிகராக்கம் அணைந்துள்ளதா என்பதை. நினைவகம் 8 ஜி.பி.க்குக் குறைவாக இருந்தால் முயற்சியே வீண்; 16 இருந்தால் நிம்மதி.

வார்ப்புரு பற்றி இந்திய ஆய்வாளர்கள் இன்னும் அக்கறை காட்ட வேண்டும். பொதிகளோடு வரும் எம்.என்.ஐ.152, மான்ட்ரியலில் 152 இளம் வயதினரின் ஸ்கேன்களிலிருந்து உருவானது. ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யும் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனமும் 2019-இல் வெளிக்கொணர்ந்த ஐ.பி.ஏ.100, 100 இந்தியரின் மூளைகளைக் கொண்டது. மேற்கத்திய மூளைகளைவிட உயரம், அகலம், கன அளவில் இந்திய மூளை சராசரியாகச் சிறியது என்று அது காட்டியது. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2020-இல் 6 முதல் 60 வயது வரை ஐந்து வயதுப் பிரிவுகளுக்கான வார்ப்புருக்களை வெளியிட்டது. கோவையில் எடுத்த குழந்தைகளின் ஸ்கேனை மான்ட்ரியல் வளர்ந்தோரின் அச்சில் இழுத்துப் பொருத்துவதைவிட நிம்ஹான்ஸின் அந்த வயதுப் பிரிவு வார்ப்புருவைப் பயன்படுத்துவதே நியாயம். உலக ஆய்வுகளோடு ஆயங்களை ஒப்பிட வேண்டுமானால் இரண்டிலும் ஓட்டி, வேறுபாட்டைத் தெரிவிக்கலாம்.

எல்லா மூளைப் படங்களுக்கும் இப்பொதிகள் பொருந்தா. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட 'தரணி' தொகுப்பு, கருவிலுள்ள குழந்தையின் மூளையை 5,132 வெட்டுகளாகச் செல் அளவு நுணுக்கத்தில் காட்டுகிறது. அந்த அளவுத் தரவுக்குப் பெருங்கணிப்பும் வேறு வகைக் கருவிகளும் தேவை. மடிக்கணினியில் உலாவிவழிப் பார்வைதான் சாத்தியம்.

மருத்துவமனைத் தரவை வீட்டுக் கணினிக்கு மாற்றுமுன் டைகாம் தலைப்பிலுள்ள பெயர், பிறந்த நாள் ஆகியவற்றையும் முகத்தின் உருவையும் நீக்க வேண்டும். நிறுவல் சரியா என்று பார்க்க ஃப்ரீசர்ஃபரோடு வரும் 'பெர்ட்' என்ற மாதிரி மூளையைத் திறந்து பார்க்கலாம். இட வலம் தனியாகச் சோதிக்கப்பட வேண்டியது: படத்தின் இடப்பக்கத்தில் நோயாளியின் வலப்பக்கத்தைக் காட்டும் கதிரியல் வழக்கமும், அதற்கு எதிரான நரம்பியல் வழக்கமும் மென்பொருளுக்கு மென்பொருள் மாறுகின்றன. ஸ்கேன் எடுக்கும்போதே வலது பொட்டில் ஒரு வைட்டமின்-இ மாத்திரையை ஒட்டிவிட்டால் அது படத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். முகத்தையோ மண்டையோட்டையோ நீக்கும் படியில் அந்தப் புள்ளி அழியும் வரை, ஒவ்வொரு செயலாக்கக் கட்டத்துக்குப் பின்னும் அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று சரிபார்க்கலாம்.